தசைப் பாலம்

கதை எழுதுகிறவர்களிடம் அகப்பட்டுக்கொண்டு மனித இருதயம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை உருக்குகிறோம், உடைக்கிறோம், கல்லாக்குகிறோம், யாரிடமாவது பறிகொடுக்கச் செய்கிறோம். இவ்வளவும் செய்கிற நாங்கள், அந்த இருதயம் தன் சொந்த வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறது என்று மட்டும் விசாரிப்பதில்லை. நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை சுருங்கி விரிந்து, உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தத் தசைப் பிண்டத்துக்கும் பசி உண்டு. தன் அறைகள் நிறைய ரத்தம் இருந்தாலும் அதில் கை வைத்து அது எடுத்துக்கொள்வதில்லை என்றே சொல்லலாம். மகா தமனி புறப்படும் இடத்தில் கிளைக்கிற இரண்டு மெல்லிய குழாய்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான் அதற்கு ஆகாரம்.

அந்தக் குழாய்களும் அவற்றின் கிளைகளும் கிரீடம் வைத்தாற்போல் இருதயத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதால், லத்தீன் மொழியில் கிரீடத்துக்குரிய பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். இன்று எல்லோரும் சொல்லும் ‘கரோனரி’ என்ற வார்த்தை அப்படி வந்ததுதான். இவை பொதுவாக இருதயத்தின் மேற்பரப்பிலேயே, கொழுப்பின் மெத்தையில், சுவர்மேல் கொடி படர்வதுபோல் படர்ந்து செல்லும். ஆனால் சிலருக்கு, முக்கியமாக இடது பக்கத்திலிருந்து புறப்பட்டு முன்புறமாக இறங்குகிற பெரிய கிளை, நடுவழியில் திடீரென்று தசைக்குள் மூழ்கிக் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் மேலே வருகிறது. திறந்து ஓடிவந்த வாய்க்கால், வண்டிப் பாதை குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறு பாலத்துக்கடியில் நுழைந்து அப்பால் வெளிப்படுகிறதல்லவா? அதைப்போல. குழாயின் மேல் மூடிக்கொண்டிருக்கும் அந்தத் தசைத் துண்டுக்கு வைத்தியர்கள் ‘பாலம்’ என்றே பெயரிட்டார்கள்.

ஆனால் இது செங்கல் வைத்துக் கட்டிய பாலமல்ல, உயிருள்ள பாலம். இருதயம் சுருங்கும்போதெல்லாம் இதுவும் சுருங்கி, தனக்குக் கீழே ஓடும் வாய்க்காலைக் கைப்பிடியில் பிடிப்பதுபோல் நெரிக்கிறது. இதனால் மனிதனுக்குக் கெடுதல் உண்டா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி வைத்திய உலகம் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் அலைந்திருக்கிறது. அந்த அலைச்சலின் சரித்திரத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1737-ஆம் வருஷம் ரெய்மன் என்பவர் லத்தீன் மொழியில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். இருதயத்துக்கே சொந்தமான குழாய்களைப் பற்றியது அது. குழாய் தசைக்குள் மூழ்கிச் செல்வதை முதன்முதலாக எழுதி வைத்தவர் அவர்தான் என்று வைத்திய சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் கண்டது இறந்தவர்களின் இருதயத்தில். தசை இருந்தது, குழாய் இருந்தது, கத்தியும் இருந்தது. ஆனால் அந்த இருதயத்துக்குரியவர் உயிரோடு இருந்த காலத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது நின்றாரா என்று கேட்பதற்கு அந்த அறையில் ஆள் இல்லை.

முப்பது வருஷம் கழித்து லண்டனில் இதற்கு நேர்மாறான காரியம் நடந்தது. வில்லியம் ஹெபர்டன் என்ற வைத்தியர் 1768-இல் அங்குள்ள வைத்தியர் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசித்தார். 1772-இல் அது அச்சில் வந்தது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் நடக்கும்போது, மார்பில் ஒரு நெருக்கம் வந்து மனிதனை நிற்க வைத்துவிடுகிறது, நின்றதும் போய்விடுகிறது. இதை அவர் எந்தக் கருவியும் இல்லாமல், வந்தவர்களைப் பேச விட்டுக் கேட்டே தெரிந்துகொண்டார். ‘ஆஞ்சைனா’ என்று அந்த வலிக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்த வலி இருதயத்தின் குழாய்களிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஆக, ஒருவர் பார்த்தார், கேட்க முடியவில்லை. இன்னொருவர் கேட்டார், பார்க்க முடியவில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் சாரம்.

வெகு காலம் வரையில் பாலத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அதற்கு நியாயமான ஒரு காரணமும் இருந்தது. கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை பந்திகளெல்லாம் முடிந்த பிறகுதானே தனக்கு இலை போட்டுக்கொள்வார்? இருதயமும் அப்படித்தான். அது சுருங்கும்போது ஊருக்குச் சோறு, தளரும்போதுதான் தனக்கு. இடது பக்கக் குழாய்களில் ஓடும் ரத்தத்தில் மிகப் பெரும்பங்கு இருதயம் தளர்ந்திருக்கும் நேரத்திலேயே ஓடுகிறது. பாலம் நெரிப்பதோ சுருங்கும் நேரத்தில். தண்ணீர் அதிகம் வராத வேளையில் மடையை மூடினால் பயிருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். கேள்வியில் தவறில்லை.

இருபதாம் நூற்றாண்டில்தான் பாலங்களை எண்ணத் தொடங்கினார்கள். 1951-இல் கைரிங்கர் என்பவர் நூறு இருதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து 23-இல் பாலம் கண்டதாக எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1961-இல், போலாசெக் என்பவர் மெல்லிய தசை வளையங்களையும் விடாமல் சேர்த்துக்கொண்டு நுணுக்கமாகத் தேடியபோது கணக்கு நூற்றுக்குச் சுமார் 85 என்று ஏறிவிட்டது! மனிதர்களின் இருதயம் பத்து வருஷத்தில் மாறிவிடவில்லை. தேடுகிறவர் எதைப் பாலம் என்று ஒப்புக்கொள்கிறார் என்பதில்தான் வித்தியாசம். ஆனால் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், இவ்வளவு பேரிடம் இருக்கிற ஒன்றை வியாதி என்று எப்படிச் சொல்வது?

இதற்குள் வேறொரு பாதையில் வேறு சிலர் வந்துகொண்டிருந்தார்கள். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பைக் காட்டும் அந்தக் கதிருக்கு ரத்தக் குழாய் புலப்படாது. ரத்தத்தோடு ஒரு மருந்துச் சாயத்தைக் கலந்தால்தான் புலப்படும். உயிருள்ள இருதயத்துக்குள் சாயத்தை விடத் துணிகிறவர் யார்? 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபார்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் கைநரம்பைத் தானே திறந்து, மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை இருதயம் வரையில் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்-ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்குக் கிடைத்தது கண்டனம். நோபல் பரிசு கிடைத்தது 1956-இல்.

1958 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் க்ளீவ்லண்ட் நகரில் மேஸன் ஸோன்ஸ் என்ற வைத்தியர் ஒரு வாலிபரின் மகா தமனிக்குள் சாயத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். குழாயின் நுனி நழுவி வலது கரோனரிக்குள் புகுந்துவிட்டது. அந்தச் சின்னக் குழாய்க்குள் சாயம் நேராகப் போனால் மரணம் என்பதுதான் அன்றைய எண்ணம். இருதயம் நின்றேவிட்டது. ஸோன்ஸ் அவரை இருமச் சொல்லிக் கத்தினார். இருமினார், இருதயம் மறுபடி துடித்தது. அந்த விபத்திலிருந்து, கரோனரிக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சாயம் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் பிறந்தது.

1960-இல் போர்ஸ்ட்மன், இவிக் என்ற இரு ஜெர்மானியர்கள், தசைக்குள் மூழ்கிய குழாய் இந்தப் படத்தில் எப்படித் தோன்றுகிறது என்பதை முதன்முதலாக விவரித்தார்கள். இருதயம் சுருங்கும்போது குழாயின் ஒரு துண்டு மெலிந்து நூலாகிறது. தளரும்போது பழையபடி விரிகிறது. மெலிவதும் விரிவதுமாக மாறி மாறி நடக்கிறது. மேலைநாட்டு வைத்தியர்கள் இதைப் ‘பால் கறப்பது’ என்று வர்ணித்தார்கள். மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் வளர்ந்த நமக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

பாலத்தின் வேலையை உயிருள்ள மனிதரிடத்தில் கண்ணால் கண்டாயிற்று. ஆனால் ஒரு சங்கடம். 1976-இல் கனடாவின் மான்ட்ரியல் நகர வைத்தியர்கள் இப்படி எடுத்த படங்களைக் கணக்கிட்டபோது 5,250 பேரில் 27 பேரிடம்தான் கறத்தலைக் கண்டார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! கத்தி கண்ட பாலங்களெல்லாம் எங்கே போயின? போகவில்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாய்க்குள் இருக்கும் சாயத்தை. குழாய்மேல் இருக்கும் தசையை அல்ல. நெரிப்பு பலமாக இருந்தால்தான், அங்கே ஒரு பாலம் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அந்த 27 பேரில் அதிகமாக நெரிபடுகிற சிலரின் இருதயத்தை வேகமாகத் துடிக்க வைத்தபோது, தசை ரத்தமில்லாமல் தவிப்பதன் அடையாளங்கள் தெரிந்தன.

பழைய நியாயத்தில் இருந்த ஓட்டை இங்கேதான் வெளிப்பட்டது. தவசிப்பிள்ளை ஓய்வாகச் சாப்பிடலாம், ஓய்வு இருக்கிற வரையில். மாடிப்படி ஏறினாலும் மனம் பதறினாலும் துடிப்பு வேகமாகிறது. அப்போது குறைகிற நேரம் பெரும்பாலும் தளரும் நேரம்தான். போதாததற்கு, ஆழமான பாலம் சுருங்கிய பிடியை உடனே விடுவதில்லை. தளரும் நேரத்தின் முதல் பகுதியையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. பசி அதிகமான வேளையில் பந்தி நேரம் குறைந்துபோனால் வலிக்காமல் என்ன செய்யும்? அத்துடன், மார்புவலிக்காரர்கள் நாக்கின் கீழ் அடக்கிக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை சாதாரண அடைப்பில் வலியைத் தணிக்கும். பாலத்தில் நெரிப்பை அதிகமாக்கக்கூடும். இருதயத்தை நிதானமாகத் துடிக்கச் செய்யும் மருந்தே பாலக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. எந்த வலி என்று பிரித்தறிவது வெறும் ஆராய்ச்சிப் பிரியர்களின் வாதமல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

தசையையும் குழாயையும் ஒன்றாக, உயிருள்ள ஒருவரிடத்தில், காட்டக்கூடிய கண் ஒன்று வேண்டியிருந்தது. அது வந்த இடம் வேடிக்கையானது. நாய் ஒன்று உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் போட்ட இசைத்தட்டுகள் நம் வீடுகளில் இருந்தன அல்லவா? அந்த முத்திரைக்கு உடைமையாளரான இங்கிலாந்தின் இ.எம்.ஐ. கம்பெனியில் காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்ட் என்ற இஞ்சினீயர் வேலை பார்த்தார். குடியானவர் வீட்டுப் பிள்ளை. சர்வகலாசாலைப் பட்டம் இல்லாதவர். ஒரு பொருளை எல்லாத் திசைகளிலிருந்தும் கதிர் விட்டு அளந்தால், அதை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டைக் கணக்குப் போட்டு வரைந்துவிடலாம் என்று 1967-இல் அவருக்குத் தோன்றியது. பழைய கடைசல் யந்திரத்தின் படுகைமேல் பரிசோதனையைத் தொடங்கினார். முதற்படத்துக்கு அளவுகள் எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. கம்ப்யூட்டர் அவற்றைக் கணக்கிட இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில், அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில், முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள்.

இதே கணக்கை ஆலன் கார்மக் என்ற பௌதிகப் பேராசிரியர் தனியாகப் போட்டு 1963-லும் 1964-லும் பிரசுரித்திருந்தார். வைத்திய உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் பனிச்சரிவுகளை ஆராய்கிற நிலையம் ஒன்று ஒரு பிரதி கேட்டு எழுதியதாம்! ஒருவரையொருவர் அறியாமல் உழைத்த அந்த இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. அவர்களுடைய யந்திரம்தான் இன்று நாம் ஸி.டி. ஸ்கான் என்று சொல்வது.

ஆனால் மூளை அசையாது. இருதயமோ அசைவதற்கென்றே பிறந்தது. அந்த நாளில் ஒரு வெட்டைப் படம் எடுக்க நாலைந்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் இருதயம் முந்நூறு தடவை துள்ளிவிடும். ஓடி விளையாடும் குழந்தையைப் போட்டோ பிடிப்பதற்கு ஒப்பான காரியம். இரண்டு யுக்திகள் செய்தார்கள். ஒன்று, யந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவது. 1998-இல் ஒரே சுற்றில் நாலு வெட்டுகள், 2004-இல் 64 வெட்டுகள் என்று வளர்ந்தது. 2005-இல் இரண்டு கதிர்க்குழாய்கள் வைத்த யந்திரம் வந்து, ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் இருதயத்தைப் பிடித்துவிட்டது. மற்றொன்று, குழந்தையைச் சமாதானப்படுத்துவது. துடிப்பைத் தணிக்க முன்கூட்டியே மருந்து கொடுக்கிறார்கள், மூச்சை அடக்கச் சொல்கிறார்கள், இ.ஸி.ஜி. கோட்டைப் பார்த்து, இருதயம் தளர்ந்து கிடக்கும் அந்தச் சிறு இடைவேளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கைநரம்பில் சாயம் ஏற்றினால் போதும். இருதயம் வரையில் குழாய் விட வேண்டியதில்லை.

இந்தப் படத்தில்தான் பாலம் முழுதாகத் தெரிந்தது. குழாய் எங்கே மூழ்குகிறது, எங்கே எழுகிறது, மேலே மூடியிருக்கும் தசை எத்தனை மில்லிமீட்டர் கனம், எவ்வளவு நீளம், எல்லாவற்றையும் அளக்க முடிந்தது. இன்னொரு விந்தையும் தெளிவாயிற்று. பாலத்துக்கடியில் உள்ள குழாயில் கொழுப்பு படிவது அரிது. பாலத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியிலேயே அது சேர்கிறது. தான் மூடியிருப்பதைக் காப்பாற்றிவிட்டு, வாசலில் குப்பை சேர விடுகிற பாலம்! இருதயத்தில் ஆபரேஷன் செய்கிறவர்களுக்கும் இது பேருதவி. மேற்பரப்பில் தேடிக் காணாத குழாய் எந்த ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்று கத்தி எடுக்குமுன்பே தெரிந்துவிடுகிறது.

2018-இல் ருமேனிய ஆராய்ச்சியாளர்கள் அதுவரையில் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நூற்றுக்கு 42 பேரிடம் பாலம், ஸி.டி.யில் 22 பேரிடம். ஆஞ்சியோகிராமில் 6 பேரிடம். ஒரே மனித இருதயத்துக்கு மூன்று கணக்கு. மூன்றும் மெய்தான். கத்தி தசையைக் கண்டது, சாயம் நெரிப்பைக் கண்டது, ஸி.டி. இரண்டுக்கும் நடுவில் நின்று, தசையையும் குழாயையும் சேர்த்துக் கண்டது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சில வருஷங்களாகப் படியேறினால் மார்பு இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடைப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் மனக்கவலை என்று பல இடங்களில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஓரிடத்தில் ஸி.டி. எடுத்துப் பார்த்துப் பாலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “பாலம் என்றால் ஒரு நாள் இடிந்துதானே சார் போகும்?” என்று கேட்டார். நேற்று வரையில் வியாதியே இல்லை என்று சொல்லப்பட்டவர், இன்று பாலம் இடிந்து விழும் பயத்தில் இருந்தார். நான் நாவலாசிரியன், பயத்தை உண்டாக்கத் தெரியுமே தவிரப் போக்கத் தெரியாது. எழுதிக் கொடுத்த வைத்தியரிடமே போய்க் கேட்கும்படி சொன்னேன்.

அந்த வைத்தியர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டாராம். வலி எப்போது வருகிறது? உட்கார்ந்திருக்கும்போதா, ஏறும்போதா? நின்றால் போகிறதா? நாக்கின் கீழ் மாத்திரை வைத்தால் குறைகிறதா, கூடுகிறதா? இந்தக் கேள்விகளை யந்திரம் கேட்காது. கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஸி.டி. படம் எடுக்கப்படுவது, துடிப்பைத் தணித்து, இருதயம் தளர்ந்து கிடக்கிற தருணத்தில். பாலம் தன் கைவரிசையைக் காட்டுவதோ இருதயம் வேகமாக ஓடும்போது. ஆகவே படம் இருக்கும் இடத்தைச் சொல்லும். செய்யும் வேலையை முழுதும் சொல்லாது. சந்தேகம் இருந்தால் நடக்க வைத்தோ மருந்து கொடுத்தோ இருதயத்தை விரைவுபடுத்திச் சோதிக்கிறார்கள். அவசியமானால் குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அழுத்தத்தை அளக்கிறார்கள். மருந்துக்கு வசப்படாத சிலருக்குத் தசையைக் கீறிக் குழாயை விடுவிக்கும் ஆபரேஷனும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1975-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாலம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர், தங்களுக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் சௌக்கியமாக வாழ்ந்து வயதாகிப் போகிறவர்கள்தான்.

நண்பரின் கதையை நான் சொன்னது, பாலம் பயப்பட வேண்டியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கல்ல. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்கள். 1737-இல் ரெய்மனுக்குக் கிடைக்காத ஒன்று அந்த மேஜையருகில் இருந்தது: பாலத்துக்குரியவர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 1768-இல் ஹெபர்டனுக்குக் கிடைக்காத ஒன்றும் அங்கே இருந்தது: பதில் சொல்கிறவரின் இருதயம் படமாக மேஜைமேல் கிடந்தது. படம் இல்லாத காலத்தில் சில வலிகளை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படம் வந்த காலத்தில், கேட்பதை விட்டுவிட்டால், இல்லாத வலிக்கும் பெயர் கொடுத்துவிட முடியும். இரண்டும் வேண்டாம் என்றால், பார்க்கிறவரும் கேட்கிறவரும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கான வசதியை ஸி.டி. யந்திரம் செய்து கொடுத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அந்த அரை மணி நேரத்தைச் செலவழிப்பது வைத்தியரின் பொறுப்பு. ஒளிக்காமல் பதில் சொல்வது நம்முடைய பொறுப்பு.